விருத்தாசலம் வட்டாரப் பண்டிகை உணவுகள்

விருத்தாசலம் வட்டாரப் பண்டிகை உணவுகள் என்பவை தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள விருத்தாசலம் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பொங்கல், மாசி மகம், ஆடித் திருவிழா, தீபாவளி, கார்த்திகை முதலிய நாட்களில் சமைத்துப் படைத்துப் பகிர்ந்துண்ணப்படும் உணவுகளாகும். தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனக் குறிப்பிடப்படும் இவ்வூர், பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் பரவலாக அறியப்படுகிறது. இங்கு ஆக்கப்படும் பண்டிகை உணவுகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் உண்டு. எனினும் மேட்டு நிலம் மிகுந்த வட்டாரம் ஆதலால், அரிசிச் சோறே அரிய உணவாக இருந்த காலத்தின் அடையாளங்கள் இங்குள்ள பண்டிகைகளில் தெளிவாகத் தெரிகின்றன.

நிலமும் விளைபொருள்களும்

விருத்தாசலம் நடுநாடு எனப்படும் நிலப்பகுதியைச் சேர்ந்தது. சோழ நாட்டிற்கும் தொண்டை நாட்டிற்கும் இடைப்பட்ட பகுதி என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி இதில் அடங்கும். 1993 ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில் அமைந்தது.

ஆற்றங்கரைகளிலும் ஏரிப் பாசனம் உள்ள இடங்களிலும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மழையை நம்பிய செம்மண் மேட்டு நிலங்கள் கொல்லை எனப்படுகின்றன. கம்பு, கேழ்வரகு, வரகு, எள், நிலக்கடலை ஆகியவை கொல்லைப் பயிர்கள். நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் திரிபே இச்சொல். விருத்தாசலத்திற்குக் கிழக்கிலும் வடக்கிலும் பண்ருட்டி வரை முந்திரிக்காடுகள் பரந்துள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்தில் இயங்குகிறது. இங்கு உருவாக்கப்பட்ட முந்திரி, நிலக்கடலை, எள் வகைகள் ஊரின் பெயரால் வி.ஆர்.ஐ. என்ற முன்னெழுத்துடன் வழங்குகின்றன. வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி வகை வெளிமாவட்டங்களிலும் பயிரிடப்படுகிறது.

பண்டிகை உணவு என்றாலே பழைமையானது என்று எண்ணும் வழக்கம் உண்டு. அது பாதியளவே உண்மை. சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்து இடப்படும் முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரால் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. நிலக்கடலை, மிளகாய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியனவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஆகவே கொல்லையில் விளைந்த புதிய பொருள் எதுவாயினும் ஓரிரு தலைமுறைகளில் படையலில் இடம்பிடித்துவிடும் என்று கொள்ளலாம். விளைச்சலைப் பின்பற்றியே படையல் அமைந்துள்ளது.

இவ்வட்டார மக்களின் உணவு, உழவு, வழிபாடு பற்றிய சொற்களை அறிய விரும்புவோர்க்கு எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தொகுத்த "நடுநாட்டுச் சொல்லகராதி" பயன்படும். இவர் விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்தவர்.

நெல்லுச்சோறு அரிதாக இருந்த காலம்

மேட்டு நிலச் சிற்றூர்களில் அன்றாட உணவு கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் வரகுச் சோறுமாக இருந்தது. நெல்லுச்சோறு என்று தனியாகப் பெயர் சொல்ல வேண்டிய அளவிற்கு அரிசிச் சோறு அரியதாக இருந்தது. வீட்டிற்கு விருந்தினர் வந்தாலோ பண்டிகை வந்தாலோ மட்டுமே அது ஆக்கப்பட்டது. இன்று எந்தச் சிற்றுண்டிச்சாலையிலும் கிடைக்கும் இட்டலியும் தோசையும் உழவுத் தொழிலாளர் குடும்பங்களில் தீபாவளிக்கு மட்டும் சுடப்படும் பலகாரங்களாக இருந்தன. மாவாட்டும் கல்லுரல் தீபாவளிக்கு முதல் நாள் இரவு முழுதும் ஓய்வின்றிச் சுழன்றதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். நில உடைமையாளர் வீடுகளில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே அரிசி அன்றாட உணவாகவும் பருப்பு, நெய், வடை, பாயசம் ஆகியவை பண்டிகை உணவாகவும் இருந்தன. ஒரே ஊரில் ஒரே நாளில் ஒருவருக்கு விருந்தாக இருந்தது மற்றொருவருக்கு வழக்கமான உணவாக இருந்தது.

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் இட்டலியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்பது புலால் உண்ணும் குடும்பங்களில் பொது வழக்கம். கேதார கௌரி நோன்பு எடுப்போர் அதிரசத்தை முதன்மையாகப் படைப்பர். நோன்புக் கயிற்றில் 21 இழைகள் இருப்பது போலப் படையலிலும் 21 அதிரசங்கள், 21 வெற்றிலை, 21 பாக்கு என வைப்பது மரபு. இதனை அம்மன் அருளால் மழை பெய்து விளைச்சல் பெருக வேண்டி எடுப்பதாகவும், கணவன் நலம் வேண்டி எடுப்பதாகவும் இருவகையாகக் கூறுவர்.

அதிரசம் செய்வதற்குச் சற்றுக் கைப்பழக்கம் வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் முழுதும் போகாமல் உலர்த்தி, இடித்துச் சலித்த மாவில் வெல்லப்பாகு ஊற்றிக் கிளறுவர். பாகின் பதம் தவறினால் அதிரசம் எண்ணெயில் உடையும் அல்லது கல்லாகும். பாகு சேர்த்த மாவை ஓரிரு நாள் மூடிவைத்துப் பின்னரே சுடுவர். இவ்வாறு செய்யும் அதிரசம் பத்து நாட்களுக்கு மேலும் கெடாது. வெல்லம் மிகுந்திருப்பதால் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான நீர் மாவில் தனித்துக் கிடைப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். மணமாகிச் சென்ற பெண்களின் வீடுகளுக்கு வரிசையாக அனுப்பப்படும் பலகாரங்களுள் அதிரசம் தவறாது இடம்பெறுவதற்கும் இத்தன்மையே காரணமாகலாம்.

பொங்கல்

தை முதல் நாள் கொண்டாடப்படும் பொங்கல் இவ்வட்டாரத்தின் முதன்மையான பண்டிகையாகும். வாசலில் கோலமிட்டு, மூன்று கற்களாலோ களிமண் அடுப்பாலோ அடுப்புக் கூட்டி, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டிய புதுப்பானையில் பால் பொங்கவைத்து, புதிய அரிசியை இடுவர். பெரும்பாலான வீடுகளில் இரு பானைகள் ஏற்றப்படும். ஒன்றில் வெண்பொங்கலும் மற்றொன்றில் வெல்லமிட்ட சர்க்கரைப் பொங்கலும் ஆக்கப்படும். பால் பொங்கி வழியும் திசையைக் கொண்டு அவ்வாண்டின் விளைச்சலைக் கணிக்கும் நம்பிக்கையும் உண்டு. பாலின் புரதமும் கொழுப்பும் மேலே ஏடாகப் படிந்து நீராவியைத் தடுப்பதாலேயே பால் பொங்குகிறது. தண்ணீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் இவ்வாறு நுரைத்து எழுவதில்லை.

பொங்கலுடன் பரிமாறப்படும் பலகாய்க் குழம்பு தனியே குறிப்பிடத்தக்கது. பரங்கிக்காய், பூசணிக்காய், மொச்சை, அவரை, வாழைக்காய், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கருணைக்கிழங்கு எனக் கிடைக்கும் காய்கள் யாவும் இதில் சேர்க்கப்படும். ஏழு காய், ஒன்பது காய் என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைய வேண்டும் என்பர். ஆடி, ஆவணியில் ஊன்றிய கொடிகள் மார்கழி, தையில்தான் நன்கு காய்க்கின்றன. வேலியிலும் கூரையிலும் படர்ந்தவற்றைப் பறித்து ஒரே சட்டியில் இடுவதால் இக்குழம்பு அந்தந்த வீட்டுக் கொல்லையின் கணக்கேடு போன்றது. பொங்கலன்று மிஞ்சிய குழம்பை மறுநாளும் அதற்கு மறுநாளும் சுண்டவைத்து உண்பதை முதல் நாள் குழம்பினும் சுவையாகக் கருதுவோர் பலர்.

கடித்துத் தின்னும் பன்னீர்க் கரும்பு கருஞ்சிவப்புத் தோலுடையது. சர்க்கரை ஆலைக்கு அனுப்பப்படும் கரும்பு இதிலிருந்து வேறுபட்டது. கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு முதலிய இடங்களில் சர்க்கரை ஆலைகள் அமைந்திருப்பதால் ஆலைக்கரும்பு விரிந்த பரப்பில் பயிரிடப்படுகிறது. பன்னீர்க் கரும்போ பொங்கல் சந்தையை மட்டுமே நம்பி நடப்படுகிறது.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டி, தொழுவத்தில் பொங்கலிட்டு முதலில் அவற்றிற்கு ஊட்டுவர். நில உடைமையாளர் தம்மிடம் வேலை செய்யும் தொழிலாளர்க்கு அன்று நெல், வேட்டி, சேலை, கரும்பு ஆகியவற்றைக் கொடுப்பது முன்பு வழக்கமாக இருந்தது. அது அன்பளிப்பு எனப்பட்டாலும், ஆண்டு முழுவதும் கொடுக்கப்பட்ட குறைந்த கூலியின் ஒரு பகுதியே அது என்ற கருத்தும் உண்டு. கூலி பணமாக மாறிய பின் இவ்வழக்கம் பெரிதும் குறைந்தது.

தை 5 ஆம் நாள் தென்பெண்ணை, கெடிலம் ஆற்றங்கரைகளில் ஆற்றுத் திருவிழா நடைபெறுகிறது. சுற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் ஆற்றுக்கு எழுந்தருள, மக்கள் மணலில் கூடிக் கட்டுச்சோறு உண்பர். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் இவ்விழாவின் தனிப்பண்டம் சுருளிக் கிழங்கு ஆகும். வேகவைத்த கிழங்கை வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு.

மாசி மகமும் பழமலைநாதர் கோயிலும்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் மாசி மாதம் நடைபெறும் பெருவிழா நகரின் மிகப் பெரிய திருவிழாவாகும். ஆறாம் நாள் விபசித்து முனிவருக்குக் காட்சியளிக்கும் ஐதீகமும் அதனைத் தொடர்ந்து தேரோட்டமும் மாசி மகத் தீர்த்தவாரியும் நிகழ்கின்றன. விருத்தகாசி எனப்படும் இத்தலம் காசியினும் வீசம் மேலானது என்பது வழக்கு. எனவே மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்யப் பலர் கூடுகின்றனர். அன்றைய உணவில் எள்ளும் அரிசியும் முதலிடம் பெறுகின்றன. ஆற்றங்கரையில் பச்சரிசி மாவாலோ சோற்றாலோ பிண்டம் பிடித்து எள்ளுடன் நீரில் விடுவர். பசுவிற்கு அகத்திக்கீரை கொடுப்பர். வீடு திரும்பிப் படையலிட்டு, காகத்திற்குச் சோறு வைத்த பின்னரே குடும்பத்தார் உண்பர்.

இக்கோயிலின் தல மரபிலும் உணவுக்கு ஓர் இடம் உண்டு. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்திற்குச் சென்ற குரு நமச்சிவாயர் விருத்தாசலத்தில் தங்கியபோது பசி மிக்கு, இறைவியைக் கிழத்தி என விளித்துச் சோறு கேட்டுப் பாடினார் என்றும், முதியவளாகத் தோன்றிய அம்மை, கிழவியால் எவ்வாறு சோறு கொண்டுவர இயலும் என வினவினார் என்றும் கூறப்படுகிறது. அவர் இளமை தோன்றப் பாடியதும் அம்மை இளமங்கை வடிவில் வந்து அமுது படைத்தார் என்பது கதை. கோயிலில் விருத்தாம்பிகை எனப்படும் பெரியநாயகிக்கும் பாலாம்பிகை எனப்படும் இளையநாயகிக்கும் தனித்தனிச் சன்னதிகள் உள்ளன. பசித்தவன் சோறு கேட்டதையே ஊரின் பெருமையாகச் சொல்லும் இக்கதை, விழா நாட்களில் வழங்கப்படும் அன்னதானத்தின்போது இன்றும் எடுத்துரைக்கப்படுகிறது.

விருத்தாசலத்திற்குத் தெற்கே உள்ள திருமுட்டம் பூவராகர் கோயிலில் கோரைக்கிழங்குப் பொடியால் ஆன உருண்டை திருவமுதாக வழங்கப்படுகிறது. நிலத்தைத் தோண்டிக் கோரைக்கிழங்கு தின்பது பன்றியின் இயல்பு. இறைவன் பன்றி வடிவம் கொண்ட தலத்தில் அக்கிழங்கே அமுதாயிற்று. வயல்களில் களையாகக் கருதிப் பிடுங்கி எறியப்படும் செடியின் கிழங்கு கோயிலில் கைநீட்டிப் பெறப்படுவது வியப்பிற்குரியது. மாசி மகத்திற்காகத் திருமுட்டத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் பூவராகரை வழியில் தைக்கால் என்னும் ஊரில் இசுலாமியர் வரவேற்று மரியாதை செய்வது நெடுநாள் மரபாகும்.

ஆடிக்கூழ்

ஆடி மாதத்தில் மாரியம்மன், அங்காளம்மன், திரௌபதியம்மன் முதலிய அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் விழா நடைபெறுகிறது. ஊரார் வீடு வீடாகக் கேழ்வரகு, கம்பு, அரிசி நொய் ஆகியவற்றைத் திரட்டுவர். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யரிசி வெந்து வரும்போது ஊற்றிக் கிளறிக் காய்ச்சுவர். ஆறிய கூழில் மோரும் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேரும். முருங்கைக்கீரை வதக்கலும் கருவாட்டுக் குழம்பும் தொடுகறிகள். கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரையிலிருந்து கருவாடு வியாபாரிகள் வாரச்சந்தைகளுக்குக் கொண்டுவரும் கருவாடு ஆடியில் நன்கு விற்பனையாகும்.

பிற பண்டிகைகளில் அரிய உணவு தேடி ஆக்கப்பட, ஆடியில் மட்டும் ஏழையின் அன்றாட உணவே அம்மனுக்குப் படைக்கப்படுகிறது. இதற்கு உழவுக் காலமே காரணம் எனலாம். தையில் அறுத்த நெல் ஆடிக்குள் தீர்ந்துவிடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றவாறு இருப்பதில் நல்லது விதைக்குப் போய்விடும். அடுத்த அறுவடைக்குப் பல மாதங்கள் உள்ளன. குதிரின் அடியில் எஞ்சிய தானியத்தை ஊர் முழுவதும் ஒன்றாகத் திரட்டிக் கூழாக்கி, இருப்பவர் இல்லாதவர் அனைவர்க்கும் வார்ப்பது பஞ்ச மாதத்தைக் கடக்கும் ஓர் ஏற்பாடாகவும் விளங்கியது. அம்மை, வயிற்றுப்போக்கு போன்ற நோய்கள் பரவும் பருவத்தில் புளித்த கூழ் உடலுக்கு ஏற்றது என்பதும் மக்கள் நம்பிக்கை. புளிக்கும்போது பெருகும் இலாக்டிக் அமில நுண்ணுயிர்கள் கூழை எளிதில் செரிக்கத்தக்கதாக்குகின்றன. அம்மை நோயை அது தடுக்கும் எனக் கூற ஆதாரம் இல்லை.

எனினும் இவ்விழாக்களில் எல்லாரும் எல்லாக் காலத்திலும் ஒரே வரிசையில் நின்று கூழ் பெற்றனர் என்று கருதிவிடக் கூடாது. ஊர்த் தெருவிற்கும் சேரிக்கும் தனித்தனி அம்மன் கோயில்களும் தனித்தனிக் கூழ்ப்பானைகளும் இருப்பது நடுநாட்டுச் சிற்றூர்களில் காணக்கூடியதே.

ஆடி 18 அன்று ஆற்றங்கரைகளில் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் எனச் சித்திரான்னங்கள் கட்டிக்கொண்டுபோய் உண்பர். மணிமுத்தாற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் அந்நாளில் நீர் இருப்பதில்லை என்பதால், ஊற்றுத் தோண்டியோ குழாயடியிலோ படையலை முடித்துக்கொள்வதும் நிகழ்கிறது.

வடலூர்த் தைப்பூசம்

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி வழியாகக் கடலூர் செல்லும் சாலையில் வடலூர் அமைந்துள்ளது. இங்கு 1867 ஆம் ஆண்டு மே 23 அன்று வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் என வழங்கிய இவ்வூர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை இதற்கு அளித்தனர். அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துவருகிறது. சாதி, சமயம் கேளாது பசித்தவர்க்கு நாள்தோறும் உணவளிப்பதே சாலையின் நோக்கம். 1872 இல் சத்திய ஞான சபை வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது.

தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கிச் சோதி காட்டப்படும்போது பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். விருத்தாசலம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து அரிசியும் காய்கறியும் வண்டிகளில் கொண்டுவந்து கொடுப்போர் உண்டு. நெல் அறுவடை முடியும் தருணத்தில் தைப்பூசம் வருவது இதற்கு ஏற்றதாக அமைந்தது. வழி நெடுகிலும் பந்தல்கள் அமைத்துச் சாம்பார் சோறு, தயிர்ச் சோறு, மோர் ஆகியவை வழங்கப்படும். புலால் இடம்பெறாது. வீட்டுப் பண்டிகையில் உறவினர் முதலில் உண்பர். இங்கு முன்பின் அறியாதவரே விருந்தினர்.

பானையும் பீங்கானும்

விருத்தாசலம் பீங்கான் நகரம் எனப்படுவதால் பொங்கல் பானையும் இங்குள்ள தொழிற்பேட்டையிலேயே செய்யப்படுவதாகச் சிலர் எண்ணுவர். இது சரியன்று. இரண்டும் மண்ணால் ஆனவை என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு ஒற்றுமை குறைவு. பொங்கல் பானை ஏரி வண்டலையும் மணலையும் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, வைக்கோலும் விறகும் இட்ட சூளையில் 700 முதல் 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்படுகிறது. அதனைச் செய்வோர் சிற்றூர்க் குயவர்கள். நுண்துளைகள் நிறைந்திருப்பதால் பானை நீரைக் கசியவிடும். திடீர் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பீங்கானோ வெண்களிமண்ணுடன் பிற கனிமங்களைச் சேர்த்து, 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு, கண்ணாடி போன்ற மெருகு பூசப்படுவது. அதை விறகடுப்பில் ஏற்றினால் வெடித்துவிடும்.

அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் களிமண் கிடைப்பதே விருத்தாசலத்தில் இத்தொழில் ஏற்படக் காரணமாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு கல்வி நிறுவனமும் இங்கு அமைந்தன. உள்ளூர் மக்கள் இவற்றைச் செராமிக் என்றே குறிப்பிடுவர். மின்காப்புப் பொருள்கள், கோப்பைகள், பொம்மைகள், அகல் விளக்குகள் ஆகியவை இங்கு செய்யப்படுகின்றன.

பண்டிகைச் சமையலுக்கு உதவாத பீங்கான் பண்டிகையின் பிற இடங்களில் நுழைந்துள்ளது. நவராத்திரிக் கொலுப் படிகளில் விருத்தாசலப் பொம்மைகள் வைக்கப்படுகின்றன. அப்படிகளின் முன் நாளுக்கொரு சுண்டல் எனக் கடலை, மொச்சை, காராமணி, பட்டாணி, பயறு ஆகியவை படைக்கப்படும். கார்த்திகை விளக்கீட்டிற்குப் பீங்கான் அகல்கள் பெருமளவில் தயாராகின்றன. மண் அகல் எண்ணெயை உறிஞ்சும். மெருகிட்ட அகல் உறிஞ்சாது. அன்றைய உணவு நெற்பொரியையும் அவற்பொரியையும் வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை, கார்த்திகை அடை ஆகியவை. சிறுவர் பனம்பூக் கரியால் செய்த மாவளி சுற்றுவர்.

சமையலறையில் பீங்கான் பெற்ற நிலையான இடம் ஊறுகாய்ச் சாடியே. உப்பும் புளிப்பும் உலோகப் பாத்திரத்தை அரிக்கும், மண்பானையில் கசியும். மெருகிட்ட சாடியில் இவ்விரு குறையும் இல்லை. சித்திரை, வைகாசியில் போடும் மாங்காய் ஊறுகாய் ஆடிக்கூழுக்கும் மார்கழி வரைக்கும் சாடியிலிருந்தே எடுக்கப்படும்.

கிறித்தவ, இசுலாமியப் பண்டிகைகள்

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை ஆலயம் உள்ளது. இத்தாலியில் பிறந்த இவர் அன்னை மரியாவுக்குச் சூட்டிய பெயர் விருத்தாசலம் கோயில் இறைவியின் பெயராகவும் இருப்பது கவனிக்கத்தக்கது. ஆலயத்தின் ஆண்டுப் பெருவிழா சனவரியில், பொங்கலை ஒட்டி நடைபெறுகிறது. வெளியூர்களிலிருந்து வருவோர் ஆலயத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதும் கறி சமைத்துப் பகிர்வதும் உண்டு. கிறித்துமசு நாளில் கேக்கும் அதிரசமும் முறுக்கும் அண்டை வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றன.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, பூண்டு, சில இடங்களில் கொத்துக்கறி சேர்ந்தது. மாலையில் பாத்திரத்துடன் வரும் பிற சமயத்தவர்க்கும் கஞ்சி வழங்கப்படும். ஆடிக்கூழைப் போலவே இதுவும் ஒரே அண்டாவில் ஆக்கி ஊருக்கு வார்க்கப்படும் உணவு. பக்ரீத்தில் குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்றை வறியவர்க்கும் ஒன்றை உறவினர், அண்டை அயலார்க்கும் கொடுப்பர்.

மாற்றங்கள்

பொது வினியோகக் கடைகளில் அரிசி 2006 இல் கிலோ 2 ரூபாய்க்கும் 2008 இல் 1 ரூபாய்க்கும் விற்கப்பட்டு, 2011 சூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படுகிறது. நெல்லுச்சோற்றிற்காகப் பண்டிகையை எதிர்நோக்கிய நிலை அதற்கு முன்பே மறையத் தொடங்கியிருந்தது; இதன்பின் முற்றிலும் மறைந்தது. பசி குறைந்தது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. கொல்லைகளில் கம்பும் வரகும் விதைப்பது குறைந்தது அதன் மறுபக்கம். ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டிச் சிறுதானியப் பொங்கல், சிறுதானிய அதிரசம் ஆகியவை கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஒரு காலத்தில் பண்டிகையன்று மட்டும் தவிர்க்கப்பட்ட தானியம் இன்று அரிசியினும் கூடுதல் விலைக்குப் பண்டிகைப் பொருளாக விற்கப்படுகிறது.

2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் பல்லாயிரம் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. இரு வாரங்களில் வந்த பொங்கல் பல சிற்றூர்களில் பெயரளவிற்கே நடந்தது. ஒட்டுக்கன்று நட்டாலும் முந்திரி பலன்தரச் சில ஆண்டுகள் ஆகும். தலைமுறை கண்ட பலா மரத்திற்கு ஈடு இல்லை. முந்திரி விளையும் ஊரிலேயே பொங்கலுக்குக் கடையில் முந்திரி வாங்கும் நிலை சில வீடுகளில் அப்போது ஏற்பட்டது.

நகரத்தில் எரிவாயு அடுப்பும் அழுத்தக் கொப்பரையாகிய குக்கரும் பொங்கல் பானையின் இடத்தைப் பிடித்துள்ளன. குக்கரின் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, மூடியைத் திறந்துவைத்துப் பால் பொங்கவிட்டபின் மூடுவது அடுக்ககங்களில் காணப்படும் சமரசம். அதிரசமும் முறுக்கும் இனிப்பகங்களில் எடைக்கு வாங்கப்படுகின்றன. மூன்று நாள் பலகாரச் சுமை குறைந்ததைப் பெண்கள் பலர் வரவேற்கின்றனர். சுவை குறைந்தது என்று வருந்துவோரில் அடுப்படியில் நின்றவர் எத்தனை பேர் என்பது கேட்கத்தக்க வினா.

அரசு வழங்கும் பொங்கல் பரிசுத் தொகுப்பும் பண்டிகை உணவின் ஒரு பகுதியாகிவிட்டது. 2022 பொங்கலுக்குப் பச்சரிசி, வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய், முழுக் கரும்பு உள்ளிட்ட 21 பொருள்கள் வழங்கப்பட்டன. 2023 பொங்கலுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட தொகுப்பில் அரிசி, சர்க்கரை, 1000 ரூபாய் ஆகியவை மட்டுமே இருந்தன, கரும்பு இல்லை. அரசு கொள்முதலை எதிர்பார்த்துப் பன்னீர்க் கரும்பு நட்டிருந்த உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து, 2022 திசம்பர் இறுதியில் கரும்பும் சேர்க்கப்பட்டது. பன்னீர்க் கரும்பைச் சர்க்கரை ஆலைகள் வாங்குவதில்லை. ஏறத்தாழ பத்து மாதம் நீர் பாய்ச்சித் தோகை உரித்து வளர்க்கப்படும் இக்கரும்பிற்குப் பொங்கலை ஒட்டிய சில நாட்களே சந்தை. காணும் பொங்கல் கழிந்தபின் வெட்டாமல் நிற்கும் கரும்பு பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகிறது.